கடிகாரக்காவும் இரண்டு லிட்டர் மருந்தும்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் நாலாம் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவளை, லைனில் தைக்கும் நாற்பது பெண்களும் முதுகுக்குப் பின்னால் கடிகாரக்கா என்றுதான் சொல்வார்கள். நேரில் வெறும் அக்கா. அவளுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருபத்திரண்டு வருடமாக டார்கெட் குறையாமல் சட்டை இறக்குகிற லைன் என்றால் சும்மாவா?

அவள் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் உள்ளங்கை அகல மரப்பலகை ஒன்று தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஏழு நிமிடத்துக்குள் கொண்டுவந்து மாட்டவேண்டும். அது திரும்பி வரும்வரை வேறு யாரும் மிஷினைவிட்டு எழக்கூடாது. கம்பெனி போட்ட சட்டம் இல்லை இது. இவளாகப் போட்டது. எட்டாவது நிமிடம் பிறந்தால் நோட்டுப்புத்தகத்தில் ஏறிவிடும். எவளாவது முகத்தைச் சுளித்தால், நான் போகிறேனா, காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டில்தான் என்பாள். பொய் இல்லை. அப்படி அடக்கி அடக்கியே அவள் வயிறு கெட்டுக் குட்டிச்சுவராகியிருந்தது.

ஆறு மாதமாக மலத்தோடு ரத்தம் வந்தது. சூடாக இருக்கும், மூலமாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் அப்பாவும் இப்படித்தான் சூடு, சூடு என்று சொல்லிக்கொண்டிருந்து, குடலில் புற்று முற்றிப்போய்ச் செத்தார். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் பயம் பிடித்துக்கொள்ளும். பயந்து என்ன செய்ய? வாயைத் திறந்து சொல்லக் கூசியது. கடைசியில் கூடவே இருக்கும் தங்கையிடம், அதுவும் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தங்கை அரை மணி நேரம் திட்டிவிட்டு மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே போயும் இவள் வாய் திறந்தாளா என்றால் இல்லை. தங்கைதான் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். இவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

கொலனோஸ்கோப்பி செய்துவிடலாம் என்றார் டாக்டர். நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயைப் பின்வழியாக விட்டுக் குடலைப் பார்ப்பார்களாம். மயக்கம் கொடுப்பார்களாம், வலி தெரியாதாம். வலியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? நாலு பேர் நின்று பார்ப்பார்களே என்பதுதான் இவளுக்கு. சட்டை லோடு லாரியில் போகிற நாள் என்று சாக்குச் சொல்லி இரண்டு முறை தேதியைத் தள்ளினாள். மூன்றாவது தடவை டாக்டரே போனில் வந்தார். இதையும் விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான், அப்பாவுக்கு நடந்தது தெரிந்தும் காத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டார். தங்கை போனைப் பிடுங்கி, கண்டிப்பாக வருவோம் என்றாள்.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்து வரிவரியாகப் படித்துக் காட்டினாள். மூன்று நாள் விதை, தோல், கீரை, பருப்பு கிடையாது. முந்தைய நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம் மட்டும். சிவப்பு நிறத்தில் எதுவும் குடிக்கவே கூடாது, உள்ளே அது ரத்தம் மாதிரி தெரிந்து குழப்பிவிடும். பொடியைக் கரைத்து மாலையில் ஒரு லிட்டர், மறுநாள் காலை ஆறு மணிக்கு இன்னொரு லிட்டர், கால் மணிக்கு ஒரு டம்ளர் கணக்கில். குளிரவைத்தால் கொஞ்சம் சுலபமாக இறங்கும். எரிச்சல் வராமல் இருக்க முன்கூட்டியே வாஸ்லின் களிம்பு தடவிக்கொள்ளலாம். போவது கடைசியில் கசடில்லாத மஞ்சள் தண்ணீராக இருக்கவேண்டும். காலை மருந்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை வீட்டைவிட்டு எங்கும் போகக்கூடாது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே நர்ஸ் பேனாவால் இரண்டு கோடு போட்டாள்.

மாலை மருந்து உப்பும் புளிப்பும் கலந்த கண்றாவி. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பார்க்கவேண்டுமே, குழாய் உடைந்த கதைதான். கழிப்பறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கதவு. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே கேட்கும். தங்கை பெருந்தன்மையாக டிவியைச் சத்தமாக வைத்தாள். அவள் அப்படி வைத்ததே இவளுக்கு மானக்கேடாக இருந்தது.

அந்த நிலைமையிலும் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். முதல் டம்ளரிலிருந்து வயிறு ஓய்ந்ததுவரை இரண்டு மணி நாற்பது நிமிடம். சரி, காலை மருந்தை ஆறுக்குப் பதில் ஐந்துக்கே ஆரம்பித்தால் ஏழு நாற்பதுக்கு முடிந்துவிடும். சோதனை மதியம் இரண்டு மணிக்குத்தானே? நடுவில் எட்டேகாலிலிருந்து பதினொன்றுவரை கம்பெனிக்குப் போய் லோடு ஏற்றிவிட்டு வந்துவிடலாம். பல் டாக்டரைப் பார்க்க அரைநாள் லீவு என்றுதான் அங்கே சொல்லியிருந்தாள், முழுநாள் போடவில்லை. நாற்பது பேருக்குக் கணக்குப் போட்ட தலை, சொந்த வயிற்றுக்கும் அதே கணக்கைப் போட்டது. வயிறு என்ன மிஷினா?

காலையில் ஏழு நாற்பதுக்கு வயிறு நிஜமாகவே ஓய்ந்தது. தங்கை குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்கு நழுவிவிட்டாள்.

ஒன்பது பத்துக்கு அடிவயிற்றில் முதல் முறுக்கு. இவள் ஆணியைப் பார்த்தாள். பலகை இல்லை. ஒன்பது எட்டுக்குத்தான் பட்டன் கட்டுகிறவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். போனால் என்ன, உள்ளே மூன்று அறை இருக்கிறது, இரண்டு காலியாகத்தான் இருக்கும். ஆனால் எப்படி எழுவது? பலகை இல்லாமல் எழக்கூடாது என்று சொன்ன வாய் யாருடையது? நாற்பது ஜோடிக் கண்ணும் பார்க்குமே. காலைப் பின்னிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை கொட்டியது. ஐந்தாவது நிமிடம் முடியவில்லை, எழுந்துவிட்டாள். வேகமாக நடந்தால் தெரிந்துவிடும் என்று மெதுவாக நடந்தாள். கதவுக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

பக்கத்தில் வெட்டுத்துணி மூட்டை போடும் அறை. அதற்குள் புகுந்து மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. ஐம்பத்தோரு வயதில், சூப்பர்வைசர் கோட்டைப் போட்டுக்கொண்டு, கால்வழியே சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு காலர் தைக்கிறவள் வந்தாள். பதினோரு வருடமாக இவளுக்கு நேர் எதிர் மிஷினில் உட்கார்ந்திருப்பவள், அதிகம் பேசாதவள். வந்தவள் ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினாள். மிஷின் எண்ணெய் டின்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துணிப்பை எடுத்தாள். பைக்குள் ஒரு பாவாடை, ஒரு துண்டு, சோப்புத் துணுக்கு, அழுக்குத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர். பாவாடை இவர்கள் லைனில் கழித்துப்போட்ட இளநீலச் சட்டைத் துணியில் தைத்தது. இடுப்பில் நாடா. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

"இது யாரோடது?" என்றாள் கடிகாரக்கா.

"யாரோடதும் இல்லக்கா. எல்லாருக்கும்தான்."

"எதுக்கு?"

காலர்காரி தரையைப் பார்த்தாள். "பலகை வர சில நேரம் லேட்டாகும் இல்லக்கா."

அவள் குரலில் குத்தல் இல்லை. மழை பெய்தால் குடை வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. கடிகாரக்கா துண்டை வாங்கித் துடைத்தாள், பாவாடையைக் கட்டினாள். நாடாவை அந்தப் பெண்தான் முடிந்துவிட்டாள். அப்போது மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பல் டாக்டர் இல்லை, இன்ன சோதனை, இரண்டு மணிக்கு, இனி முடியாது, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளப்போகிறேன், போன் பண்ணி வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றாள்.

காலர்காரி அழுக்குத்துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தாள்.

"எனக்கு ஆனப்ப நானும் வீட்டுக்குத்தான் ஓடினேன். மூணு நாள் வரல. நீங்க ஜுரம்னு எழுதிக்கிட்டீங்க. நாலாம் நாள் வந்தேன், அப்பவும் உயிரோடதான் இருந்தேன். நீங்க இன்னைக்கே போங்கக்கா. அங்க இருக்கிறவங்க தினமும் இதத்தான் பாக்குறாங்க." பின்வாசல் கதவைத் திறந்துவிட்டவள் தயங்கி நின்றாள். "பாவாடைய மட்டும் துவைச்சுக் கொண்டாந்துடுங்க. வேற இல்ல."

வீட்டில் இவளைக் காணாமல் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்ட தங்கை, வாசலில் கொலைவெறியோடு நின்றிருந்தாள். பாவாடையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே நர்ஸ், கடைசியாகப் போனது எப்படி இருந்தது என்று கேட்டபோது, இவள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, தண்ணிதான், மஞ்சளா, கசடு இல்ல, துணியிலயே போயிட்டேன் என்று சொன்னாள். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லது, சுத்தமாகியிருக்கிறது என்று எழுதிக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தைக்கா ஆறு மாதம் செத்துப் பிழைத்தோம் என்றிருந்தது.

குடலில் இரண்டு கட்டி இருந்தது. ஒன்று மிளகளவு, இன்னொன்று பட்டாணியைவிடப் பெரிது. இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். பார்வைக்கு இன்னும் புற்றாக மாறவில்லை, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது, மூன்று மாதம் தள்ளியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார் டாக்டர். தங்கை அங்கேயே அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை குளியலறையில் உட்கார்ந்து கடிகாரக்கா அந்தப் பாவாடையைத் துவைத்தாள். பலமுறை துவைத்துத் துவைத்துத் துணி நைந்து மெத்தென்றிருந்தது. அலசிப் பிழிவதற்காக உள்பக்கம் திருப்பினாள். தையலைப் பார்த்தால் எந்த மிஷின், எந்தக் கை என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண் சும்மா இருக்குமா? பக்கத் தையல் காலர்காரியுடையது. கீழ்மடிப்பு பட்டன்காரி. இடுப்பில் நாடா நுழைக்கிற மடிப்பில் மட்டும் முடிக்கிற இடத்தில் தையல் பிரியாமலிருக்க மூன்று முறை திருப்பி அடித்திருந்தது. லைனில் மூன்று முறை அடிக்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். இரண்டு போதும், நூல் என்ன உங்கப்பன் வீட்டுதா என்று இவள் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறாள். ஒருநாள் நோட்டில் அவள் பெயருக்கு நேரே பதினோரு நிமிடம் என்று எழுதி, எல்லார் எதிரிலும் படித்தும் காட்டினாள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. நல்ல இடம் கிடைத்துப் போயிருப்பாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அது நடந்து நாலு வருடம் ஆகிறது. அப்படியானால் இந்தப் பாவாடை அதற்கும் முன்னால் தைத்தது.

ஈரத் துணியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியிலிருந்து தங்கை, வயிறு வலிக்கிறதா, ஏன் அழுகிறாய், டாக்டர்தான் எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டாரே என்று கதவைத் தட்டினாள்.

"வயிறு வலிக்கலடி," என்றாள் கடிகாரக்கா. "நாலு வருஷமா இத மாத்தி மாத்திக் கட்டியிருக்காளுங்க. நான் அங்கயேதான் உக்காந்திருந்தேன்."