ஆவரேஜ் பார்த்து வாங்கிய கார்

எங்கள் அப்பாவுக்கு சிக்னல் என்றால் கொள்ளை ஆசை. நாங்கள் போகும் ஆட்டோ நின்றதும் தலையை வெளியே நீட்டி, பக்கத்தில் நிற்கும் காரை ஓட்டுபவரிடம், "பாய்சாப், ஆவரேஜ் கித்னா தேதி ஹை?" என்று இந்தியில் கேட்டுவிடுவார். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதற்குத்தான் பம்பாயில் ஆவரேஜ் என்று பெயர். சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றிக்கொண்டவர்களின் வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்று அப்பா தானே முடிவு கட்டிவிடுவார். எனக்கு அப்போது எட்டு வயது. மானம் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அம்மா. அம்மா மாசமாக இருந்தாள். எனக்கும் இந்தக் குழந்தைக்கும் நடுவில் ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதற்கு முதல் நாள்தான் அம்மா கோவண்டியில் ஒரு கல்யாணத்துக்கு ஆட்டோவில் போய் வந்திருந்தாள். வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குலுக்கலால்தான் கலைந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா மனதில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகமாட்டேன், ஒரு கார் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நகை, புடவை என்று எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். அவள் வாய்விட்டுக் கேட்டது அந்தக் காரை மட்டும்தான்.

அப்பா ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கிளார்க். வண்டியைத் தவணையில் வாங்கிவிடலாம், வாங்கியபின் அதற்குத் தீனி போட வேண்டுமே என்பது அவர் கவலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் யோசனை சொல்ல மாமா வருவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாராவியில் பெல்ட்டும் பர்ஸும் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது என்பதால், எந்த வண்டியைப் பற்றியும் அவரால் தயங்காமல் பேச முடிந்தது.

"அத்தான், கண்ண மூடிக்கிட்டு கேஸ் வண்டி எடுங்க. பெட்ரோல் போட்டு உங்களுக்குக் கட்டுபடியாகாது."

"கேஸ் வண்டின்னா டிக்கி பூராவும் சிலிண்டர்லா இருக்கும்? பெட்டிய எங்க வைக்க?"

"மடியில வைங்க. ஊருக்கு ரயில்லதான போறோம்."

ஷோரூம்களுக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். எல்லா இடத்திலும் டீ கொடுத்தார்கள், எனக்கு பிஸ்கட்டும். அப்பா விற்பனைப் பையனைப் பிடித்துக்கொள்வார். ஏசி போட்டால் ஆவரேஜ் எவ்வளவு குறையும், டிராஃபிக்கில் எவ்வளவு, மழையில் எவ்வளவு என்று கேட்டு, அவன் சொல்வதில் கால்வாசியைக் கழித்துவிட்டு மீதியைத்தான் நம்புவார். எனக்கு ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டியின் மேல் கண். அது பார்க்கத்தான் நன்றாக இருக்கும் என்று அப்பா அதன் பக்கமே திரும்பவில்லை.

அம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு வண்டியின் பின்கதவையும் திறப்பாள், உள்ளே ஏறுவாள், காலை நீட்டிச் சாய்ந்து கண்ணை மூடிப் பார்ப்பாள், இறங்கி அடுத்த வண்டிக்குப் போவாள். கடைசியில் ஒரு சாம்பல் நிறச் சின்ன வண்டியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இதுல முதுகு வலிக்கல" என்றாள். நல்ல வேளையாக அந்த வண்டி கேஸில் ஓடுவது, ஆவரேஜும் அதற்குத்தான் அதிகம். அதனால் அதைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று அப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வண்டி வந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தோம். அதற்கப்புறம்தான் அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. ஊரில் உள்ள வண்டிகளையெல்லாம் விசாரித்த மனிதர் இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

திலக் நகரில் எங்கள் கட்டடம் பழையது. காம்பவுண்டுக்குள் நாலைந்து வண்டிதான் நிற்கும். யாருக்கும் சொந்த இடம் கிடையாது, முந்தினவருக்கு இடம். எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஓரிடம் கிடைத்தது. ஒருநாள் அப்பா கேஸ் போட வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவதற்குள், நாங்கள் காகா என்று கூப்பிடும் கீழ்வீட்டு மராத்திக்காரரின் மகன் தன் காரை அங்கே விட்டிருந்தான். எங்கள் வண்டி அன்று ரோட்டில் நின்றது. காலையில் போய்ப் பார்த்தால் கதவில் நீளமாக ஒரு கீறல். அப்பா அதை விரலால் தடவிக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வண்டியை எடுப்பதையே விட்டுவிட்டார். எடுத்தே ஆக வேண்டுமென்றால், அவர் திரும்பி வரும்வரை நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. மற்றபடி அப்பா எப்போதும்போல ரயிலில்தான் ஆபீஸ் போனார். ஞாயிற்றுக்கிழமை உறையை நீக்கி, துடைத்து, பேட்டரி இறங்காமலிருக்கக் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி போர்த்திவிடுவார். உங்கள் வண்டி என்ன ஆவரேஜ் கொடுக்கிறது என்று யாராவது கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. ஓடினால்தானே தெரியும்.

அம்மாவுக்கு வலி கண்ட அன்று நான் டியூஷனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கார் தொட்டி ஓரத்தில் உறையோடு நின்றது. எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று படியேறி ஓடினேன். கதவில் பூட்டு தொங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி இறங்கிப்போய்க் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். காகாவின் மனைவி, கீழ்வீட்டு காகி, என்னை உள்ளே கூப்பிட்டுப் பால் கொடுத்து, இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். அப்பா சாவியோடுதான் இறங்கி வந்தாராம். அந்த நேரம் பார்த்து காகாவின் மகன் கேட்டுக்கு வெளியே காரைப் போட்டுக்கொண்டு இடம் தேடி நின்றிருக்கிறான். அப்பா அவனைப் பார்த்தாராம், அம்மாவைப் பார்த்தாராம், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாராம்.

சாயங்காலம் மாமா வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தம்பி பிறந்திருந்தான், நன்றாகவும் இருந்தான். மாமா அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, வண்டி பஞ்சரா என்பதுதான்.

"பஞ்சரெல்லாம் இல்ல. எடுத்தா இடம் போயிரும்லா. பிள்ளையோட வரும்போது இவ ரோட்டுலயா இறங்கி நடப்பா?"

அம்மாவுக்காகத்தான் அவர் அப்படிச் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று அப்பா வண்டியைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, பின்சீட்டில் புதுப் போர்வை விரித்தார். இடத்தைக் காக்க மாமா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவரைத் தாண்டி மெதுவாக நடந்து போய், ரோட்டோரம் நின்ற ஆட்டோவில் ஏறினாள். "திலக் நகர். பையா, தீரே சலானா" என்று டிரைவரை மெதுவாக ஓட்டச் சொன்னாள்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு என்னை ஏறச் சொன்னார். ஆட்டோவுக்குப் பின்னாலேயே, அதன் வேகத்திலேயே ஓட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். புதுப் போர்வை, முழு சீட், கேட்பாரில்லை. காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும்தான் அம்மா ஏன் நம்மோடு வரவில்லை என்று கேட்கத் தோன்றியது.

அப்பா ஆட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆட்டோன்னா நல்லா காத்து வரும்லா" என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். எங்கள் வண்டியிலும் கண்ணாடியை இறக்கினால் எவ்வளவோ காற்று வருமே, இது அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.