தாய்மார் சீட்டில் இருந்த ஐயா

அந்த ஐயா என் சீட்டைத் திருடினார். வெள்ளவத்தையில் பஸ் ஏறியபோது எனக்கு ஏழு மாதம். அவர் இருந்ததோ தாய்மாருக்கென்று ஒதுக்கிய முன் சீட். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பெரிய சிலுவை, எண்ணெய் வைத்து ஒட்ட இழுத்த தலை. கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்று பஸ்ஸில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

என் வயிற்றைக் கண்டதும் எழும்புவார் என்று நினைத்தேன். "பாரமாயிருக்கும், தாங்கோ மகள்," என்று என் பையை வாங்கி மடியில் வைத்தார். நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கி வைப்பது இங்கே வழக்கம்தான். அவர் அதன் மேல் மனுவை விரித்து, என் பையையே மேசையாக்கினார்.

"கருவில இருக்கிறதும் முழு மனிசர்தான். ஆண்டவர் குடுத்த உயிர், சட்டம் காக்க வேணும். ஒரு கையெழுத்து வைங்கோ."

"வைக்கிறன். முதல்ல எழும்புங்கோ. இது எங்கட சீட்."

அவர் ஜன்னலில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். "வடிவாப் பாருங்கோ மகள். கையில பிள்ளையோட இருக்கிற தாயைத்தான் கீறியிருக்கு. உங்கட பிள்ளை இன்னும் வரேல்லையே."

பஸ்ஸே சிரித்தது. ஏன் என்று அவருக்கு மட்டும் விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் நான் இறங்கும்போது, பச்சைக் குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் பையைத் தந்தார். அந்த அன்பு பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஐயா, அடுத்த முறை அதே பஸ்ஸில், எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். என் வயிற்றில் இருந்தது முழு மனிதரா, இல்லையா? மனிதர் என்றால் ஏன் எழும்பவில்லை?