கயிறு விழுந்த பக்கம்

ஒரு புத்தகம் நல்லதா கெட்டதா என்று தெரிய அதைப் படிக்க வேண்டும் என்பது பட்டணத்து வழக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பாகூரில் எங்களுக்கு அவ்வளவு பொழுது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கயிற்றை ஏடுகளுக்கு நடுவே செருகி, விழுந்த பக்கத்தின் முதல் பாட்டை வாசிப்போம். கயிறு சாத்துவது என்று பெயர். சாமி பாட்டுகளுக்கு ஏற்பட்ட முறை. எங்கள் மிராசுதார் அதை எல்லாப் புத்தகங்களுக்கும் நீட்டித்திருந்தார்.

ஊர்ப் பள்ளி வாத்தியார் தம் இளமையைச் செலவழித்து ஒரு கதைப்பாட்டு எழுதினார். ஏரிக்கரையில் பாம்பு கடித்துச் செத்த பெண்ணை அம்மன் எழுப்பும் கதை. புதுவையில் அச்சடித்துக் கட்டுக்கட்டாக வண்டியில் கொண்டுவந்தார். அது கோயில் மண்டபத்தில் அரங்கேற வேண்டும், அவருக்கு வேறு ஆசை கிடையாது. மண்டபம் மிராசுதார் கையில். அவர் வீட்டுத் திண்ணையில் கயிறு சாத்தும் அன்று, மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என்னை, சட்டம் தெரிந்தவன் என்று சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

கயிறு, பெண்ணைப் பாடையில் வைக்கும் பாட்டில் விழுந்தது. மிராசுதாரின் மகள் அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

“இன்னா வாத்தியாரே, புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல பாடை கட்டுறே?”

“பக்கத்தைத் திருப்பினா எழுந்துக்கிறா, ஐயா.”

“கயிறு திருப்பலையே.”

இன்னொரு தரம் சாத்தலாமா என்று வாத்தியார் என்னிடம் கேட்டார். கோர்ட்டில் அப்பீல் உண்டு, கயிற்றுக்கு இல்லை என்றேன். முறை அப்படி.

சில நாளில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். புத்தகத்தின் மேலிருந்த பழி நீங்கிவிட்டதென்று வாத்தியார் கற்கண்டோடு ஓடினார். மிராசுதார் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் புத்தகத்தை வாசலோடு திருப்பியதால்தான் பிரசவம் சுகமாக ஆனது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஊர் ஒப்புக்கொண்டது. ஆதாரம் தொட்டிலில் கிடந்ததே.

அதன்பின் வாத்தியார் இனாமாகக் கொடுத்தும் புத்தகத்தை யாரும் தொடவில்லை. வில்லியனூர் வரை போய்ப் பார்த்தார். பேச்சு அவருக்கு முன்பே போயிருந்தது. எந்த வீட்டில்தான் புள்ளத்தாச்சி இல்லை? ஒருவரும் படிக்கவில்லை, எல்லாரிடமும் அபிப்பிராயம் இருந்தது. நான் படித்திருக்கிறேன். சுமார்தான். பாடைப் பாட்டு ஒன்று தேறும்.

மறு வருஷம் வாத்தியாரின் மருமகள் முழுகாமல் இருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. ஒரு காலையில் வாத்தியாரே வண்டிக்காரனைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் இருந்த புத்தகக் கட்டுகளை எடுத்து மாட்டுக்கொட்டகையில் போடச் சொன்னார். கொட்டகை ஒழுகுமே என்றான் அவன்.

“ஒழுவட்டும்பா,” என்றார்.