தெரியாது என்று டிக் அடித்தவர்கள்

பெரம்பலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகவியல் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அங்கே நூலகத்துக்கு வருகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். நூலகச் சேவைகளில் செயற்கை நுண்ணறிவு வந்திருப்பது தெரியுமா என்பது முதல் கேள்வி. ஒரு வாரமாக எல்லோரும் ‘தெரியாது’ என்றே டிக் அடித்தார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

செந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஜியாலஜி மாணவி ஒருத்தியும் அப்படியே டிக் அடித்துவிட்டு, கையோடு தன் போனை நீட்டினாள்.

“அக்கா, இந்தப் புக்கு எந்த ரேக்குல இருக்கு? அரியலூர் ஃபாசில் பத்தினது.”

கம்ப்யூட்டரில் அப்படி ஒரு புத்தகமே இல்லை.

“பேரு, எழுதுனவரு, வருஷம் எல்லாம் இருக்கே, பாருங்கக்கா.”

பதிவில் விட்டுப்போயிருக்கலாம் என்று இருவரும் ரேக் ரேக்காகத் தேடினோம். தும்மல்தான் மிச்சம். கடைசியில், “யாரு சொன்னா இத?” என்று கேட்டேன்.

“போன்லதான். எது கேட்டாலும் பதில் சொல்லுமே, அதுகிட்ட கேட்டேன்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தெரியாதுன்னு டிக் அடிச்சியே, அது இதுதாம்மா.”

“இதா? இதத்தான் தெனம் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க ஏதோ மெஷின் வாங்கி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

அப்படி ஒரு புத்தகமே கிடையாது, போன் அதுவாகவே கட்டிவிட்டது என்று சொன்னதும் அவள் முகம் வாடியது. ஆனால் தேடும்போது, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் புதைபடிவங்களைப் பற்றிய பழைய ஆய்வேடு ஒன்று கீழ்த்தட்டில் கண்ணில் பட்டிருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். நத்தைபோலச் சுருண்ட கல்லின் படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

“இது எங்க ஊரு ஓடையில கெடக்கும்க்கா. வச்சு வெளையாடிருக்கோம்.”

நூலகம் மூடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அன்றே முதல் கேள்வியை மாற்றினேன்: ‘புத்தகம் பற்றிப் போனில் கேட்டதுண்டா? அது சொன்ன புத்தகம் கிடைத்ததா?’ என் நெறியாளர் படித்துவிட்டு, “கேள்வித்தாளா, போலீஸ் விசாரணையா இது?” என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் கோடு போட்ட இடம் போதாமல் பின்பக்கமும் எழுதித் தந்தார்கள். வணிகவியல் பேராசிரியர் ஒருவர் மட்டும் எழுதி முடித்த தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, “பேரு எழுத வேணாம்லம்மா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.