உப்பளச் சாலையில் அக்கா வென்ற காலை

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது என்று எழுதத் தொடங்கினேன். ஓடவில்லை, தள்ளித்தான் நகர்த்தினோம். வீட்டில் புத்தகம் படிப்பவன் நான் ஒருவன் என்பதால் இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அக்காவைக் கேட்டிருந்தால், உருப்படியாக எதையாவது பழுது பார்த்த ஆளிடம் கொடுக்கச் சொல்லியிருப்பார்.

அக்கா பிறந்தது மரக்காணத்தில். அப்பா ஒரு பழைய பெட்ரோல் காரை வாடகைக்கு ஓட்டினார். அவர் திடீரென மறைந்தபோது அக்காவுக்கு வயது இருபத்திரண்டு. காரை விற்றுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அக்கா லைசென்ஸ் எடுத்தார். "பொம்பள ஓட்டினா எவன்மா ஏறுவான்?" என்று கேட்டது கார் ஸ்டாண்டு. பிரம்மதேசத்துப் பிரசவங்களும் கூனிமேட்டு நிக்காஹ்களும் அதற்குப் பதில் சொல்லின.

இரும்பையே தின்னும் காற்று எங்கள் ஊர்க் காற்று. வாரந்தோறும் அக்கா ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டுவார். முனைகளின் இடைவெளியை அளந்து பூட்டுவார். ஒயர்களை உலர்ந்த துணியால் துடைப்பார். "வண்டிக்குக் குளியல் வெளியிலதான். பானெட்டுக்குள்ள ஒரு சொட்டு படக்கூடாது" என்பது அவர் சட்டம். அதை மீறியவன் ஒருவன்தான். மறுநாள் அவனுக்குக் கல்யாணம்.

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள் அது. அன்று பத்து மணிக்குத் தாலி ஏறாவிட்டால், கோயிலில் கல்யாணம் நடத்தாத தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பெண்ணின் தாய்மாமன் மனத்தில் வைத்திருந்த துபாய் மாப்பிள்ளை லீவில் வந்துவிடுவார். உறவினர்களின் வேன் முன்னே போய்விட்டது. உப்பளத்தின் ஓரம், காலைப் பனியில், எங்கள் கார் இருமி இருமி நின்றது.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தார் அக்கா. பொறிக்கான மின்சாரத்தை ஏற்றிவிடும் காயிலிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி இன்ஜின் இரும்புக்கு அருகில் பிடித்தார்.

"டேய் மாப்ள, செல்ஃப் அடி."

நீலப் பொறி பாய்ந்தது.

"காயில் நல்லா இருக்குது." அதைப் பொருத்திவிட்டு, பிளக் ஒயரைப் பிடித்தார். பொறி இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது, நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். மூடியைக் கழற்றினார். உள்ளே ஈரம், ஈரத்தின் ஓரத்தில் வெள்ளைப் படிவு.

"நேத்து இன்ஜினைத் தொட்டியா?"

"தொடலக்கா. கழுவினேன். கல்யாண வண்டியாச்சே."

"எந்தத் தண்ணியில?"

"நம்ம போர் தண்ணி."

"ஏன்டா, இத்தினி புக்கு படிச்சியே, உப்புத் தண்ணி கரண்டை இழுத்துக்கும்னு ஒண்ணுலகூடவா போடல?"

பின்சீட்டிலிருந்து அம்மா தீர்த்தப் புட்டியை நீட்டினார். "இத்த தெளிம்மா."

"வேணாம்மா. அதுல ஃபாதர் உப்பு போட்டு மந்திரிச்சிருப்பாரு."

குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரால் மூடியைக் கழுவினார். துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்தேன். நைலான், ஈரத்தைப் பரப்பியது.

"உன் பனியன் காட்டனா?"

கோட்டு, டை, சட்டை எல்லாம் கழன்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாப்பிள்ளை நான் வெற்று மார்போடு நின்றேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். "ஏம்பா, கல்யாணமா, ஞானஸ்நானமா?" என்றார் ஒருவர்.

மூடியையும் அதற்குள் சுழலும் ரோட்டரையும் ஒயர்களையும் பனியனால் ஈரம் போகத் துடைத்து, பனி விலகி வந்த வெயிலில் காட்டி, ஊதி, பூட்டினார் அக்கா. ஒரே செல்ஃபில் இன்ஜின் உறுமியது. வரப்பிலிருந்து விசிலும் கைத்தட்டும் எழுந்தன. பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பெண் ஊர்க் கோயில் வாசலில் நின்றோம். தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் எங்கள் பக்கம் பேசியது.

அந்தக் கார் ஓட்டத்தில்தான் என் படிப்பும் தங்கையின் திருமணமும் நடந்தன. கடைசி மாதங்களில் அக்காவின் சிறுநீரகங்கள் ஓய்ந்தபோதும், "பார்ட்ஸ் பழசாயிடிச்சு, ஆனா ஓனர் ஸ்ட்ராங்கு" என்று நர்சுகளைச் சிரிக்க வைத்தார்.

அந்த நர்சுகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அக்காவைத் தோளில் சுமந்த ஸ்டாண்டு அண்ணன்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். திருமணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட, இன்ஜின் கரி படிந்த கையோடு அக்கா முன்வந்தபோது, "கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க ஃபாதர்" என்றார் தாய்மாமன். "இந்தக் கையாலதானே கல்யாணம் நடந்துது, அப்படியே போடும்மா" என்றார் அந்தப் பங்குத்தந்தை. எங்கள் பெயர்களுக்குக் கீழே அக்காவின் கையெழுத்து இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில், அதைவிடத் தெளிவாக, கருப்பாக ஒரு கட்டைவிரல் தடம்.