இடதுபக்கத் திரையில் வந்த லாரி

போன சனிக்கிழமை. புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு, "இருக்கிறதுலயே பெரிய கிராபிக்ஸ் கார்டா எடும்மா" என்றேன்.

கடையை நடத்தும் ரேவதி என்னைப் பார்த்தாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தாள்.

"பையனுக்குங்களாக்கா?"

"எனக்குத்தாம்மா. லாரி ஓட்ட."

சிரிக்காதீர்கள். எனக்கு ஐம்பது வயது. திருமயத்தில் ஆபீஸ் முடிந்து திருக்கோகர்ணம் வீட்டுக்கு வந்ததும், நாலு மாதமாக நான் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்!

பழக்கிவிட்டவன் தம்பி குமரன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. இந்த விளையாட்டுக்கு முன் இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பா இறந்தபோது அவன் வரவில்லை. "அப்பாவ விட ஒனக்கு வேலை பெருசாப் போச்சுல்ல... இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று கத்திவிட்டு வைத்தேன். அவனும் பண்ணவில்லை.

திடீரென்று ஒருநாள் ஒரு மெசேஜ். "அக்கா, லாரி ஓட்டுறியா?" கூடவே அந்த விளையாட்டின் லிங்க்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். அந்த ஆசை யாரை விட்டது? உட்கார்ந்துவிட்டேன். அவன் அங்கே, நான் இங்கே, இரண்டு லாரியும் ஒரே சாலையில். ஹெட்போனில் பேசிக்கொண்டே போவோம். கியர், டீசல், அடுத்த வளைவு... இவ்வளவுதான் பேச்சு. அப்பாவைப் பற்றி? மூச்!

என் ஒரே மானிட்டரில் எதிரே உள்ள சாலை மட்டும்தான் தெரியும். "பக்கத்துல வாரேன், பாருக்கா" என்பான் அடிக்கடி. பக்கத்தில் திரும்பினால் சுவர் காலண்டர்தான் இருக்கும்.

"தெரியலடா."

"சரி, விடு" என்பான். குரல் சட்டென்று இறங்கிவிடும். ஏன் இறங்குகிறது? கேட்கத் தயக்கம்.

சரி, பக்கத்தையும் பார்த்துவிடுவோம் என்று இன்னும் இரண்டு மானிட்டர் வாங்கினேன். மாட்டினால் மூன்றாவது எரியவே இல்லை. பழைய கார்டில் இரண்டு கேபிளுக்குத்தான் இடம். அந்த இரண்டிலும் படம் விட்டு விட்டு நகர்ந்தது. அப்படித்தான் ரேவதியின் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

ஷோகேஸில் ஒரு கார்டு... மூன்று ஃபேன், வானவில் மாதிரி லைட். கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஒங்க கேபினட்டுக்குள்ள எத்தனை சென்டிமீட்டர் எடம் இருக்குங்கக்கா?"

"அது எதுக்கு?"

"இது முப்பத்திமூணு. உள்ள போகலைன்னா வெளிய வச்சு அழகுதான் பாக்கணும்."

வீட்டுக்குப் போன் போட்டேன். என் கணவர் முருகேசன் கேபினட்டைக் கழற்றி, தையல் டேப்பை வைத்து அளந்தார். "இருபத்தெட்டு. தூசியத் தொடச்சா இருபத்தொம்பது வரும்."

வானவில் கார்டு அதோடு போயிற்று.

"மூணு ஸ்கிரீன்னா கார்டு ஏறக்குறைய மூணு மடங்கு படம் வரையணும்க்கா. மெமரி பன்னெண்டு ஜிபி இருக்கட்டும். மூணு கேபிளையும் கார்டுலயே சொருகுற மாதிரி வேணும். லைட்டெல்லாம் எதுக்கு? மூடிக்குள்ளதானே எரியப்போகுது!" என்றாள் ரேவதி.

இரண்டு ஃபேன் வைத்த, இருபத்துநான்கு சென்டிமீட்டர் கார்டு ஒன்றை எடுத்து வைத்தாள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பழைய எஸ்.எம்.பி.எஸ் யூனிட் இதற்குத் தாங்காது என்று அதையும் மாற்றச் சொன்னாள். டவுன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி, "வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். என் முகம் அப்படி!

ஞாயிறு மாலை நான்கு மணி. குமரன் ஆன்லைனில் காத்திருக்கிறான். கணவர் மாட்டிய கார்டு உட்கார்ந்துவிட்டது, ஃபேன் சுற்றுகிறது, இரண்டு திரை எரிகிறது. மூன்றாவது... கறுப்பு!

உடனே ரேவதிக்குப் போன்.

"அண்ணன் மூணாவது கேபிள எங்கிட்டு சொருகியிருக்காங்க?"

எட்டிப் பார்த்தேன். கார்டில் சொருகாமல், மேலே மதர்போர்டில் இருந்த ஓட்டையில் சொருகியிருந்தார் என் கணவர். "அதுவும் ஓட்டைதானே?" என்றார்.

மாற்றினோம். அவ்வளவுதான்... மூன்று திரையிலும் ஒரே சாலை அகலமாக விரிந்தது பாருங்கள்! இந்தப் பக்கம் மரங்கள், அந்தப் பக்கம் மலை. நிஜமாகவே ஒரு லாரிக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கைதட்டியே விட்டேன்.

"அக்கா, இடதுபக்கம் வாரேன்" என்றான் குமரன்.

தலையைத் திருப்பினேன். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு நீல லாரி. அதன் முழு நீளத்துக்கும் மஞ்சள் எழுத்தில், 'அப்பா துணை'.

எனக்குக் கியர் மாற்ற மறந்துவிட்டது.

"எப்படா எழுதுன?"

"மொத நாளே. நீ பாக்கணும்னுதான் பக்கத்துல பக்கத்துல வந்தேன்."

அப்புறம் அவனே சொன்னான். "அப்பா போனப்போ கெளம்பத்தான்க்கா நின்னேன். பாஸ்போர்ட்ட கம்பெனியில வாங்கி வச்சிருந்தாங்க. நாலு நாள் கெஞ்சுனேன். குடுக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா?"

"நீதான் போன் பண்ணாதன்னியே..."

"மன்னிச்சுக்கடா குமரா" என்றேன்.

"அட, விடுக்கா. ஒனக்குத் தெரிஞ்சுருச்சுல்ல, போதும்." குரல் உடைந்தாலும் சிரித்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

ஒருத்தர் வரவில்லை என்றதும் உடனே தீர்ப்பு எழுதத் தெரிகிறது நமக்கு. 'ஏன் வரல?' என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் தேவைப்பட்டிருக்கிறதே!

இப்படி அவனையே பார்த்துக்கொண்டு போனதில், எதிரே பார்க்க மறந்துவிட்டேன். லாரி தடுப்பில் ஏறிக் குப்புறக் கவிழ்ந்தது. "ஐயோ!" என்று நான் போட்ட அலறலில், அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார் கணவர்.

"வசந்தி... கார்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"