தட்டாமல் திறந்த கதவு

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். வேலணைத் தீவில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில், முற்றம் நிறைய ஆட்கள் நிற்கும்போது.

முகநூலில் பேய்க்கதை வாசிக்கிறவர்களுக்குக் கஜாலினியைத் தெரியும். வாசித்த நாவலையெல்லாம் கிழித்துத் தொங்கவிடுவாள். “கொலுசுச் சத்தம், நாய் ஊளை, கரண்ட் போவது... இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அட்டைதான்” என்று ஒரு புத்தகத்துக்கு எழுதினாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவர் வந்து பழைய சாவைச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். சின்னப்பிள்ளையை வைத்துப் பயமுறுத்தினாலோ பத்திக்கொண்டு வரும். “சரக்கில்லாதவர் செய்கிற வேலை இது” என்று எழுதி, ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மாட்டாள்.

அவளுக்கும் ஒரு சின்னப்பிள்ளை உண்டு. லக்சிகா, நாலு வயது. நண்டு ஒத்துக்கொள்ளாத பிள்ளை. போன வருடம் ஒரு துண்டு வாயில் வைத்ததும் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தது. அன்றோடு கஜாலினி வீட்டில் நண்டுக்குத் தடை போட்டுவிட்டாள்.

அன்று மாமனார் தில்லைநாதன் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரத்தால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். கஜாலினியே தன் கையால் இலை போட்டாள். குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு, முருங்கைக்காய்க் கறி, கால் போத்தல் சாராயம், ஒரு சுருட்டு. அவ்வளவுதான். கணவனின் அக்கா அம்பிகை கதவைச் சாத்தினாள். நேரம் பன்னிரண்டு இருபது.

முற்றத்தில் வெயில் கொளுத்தியது. கணவன் வாகீசன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“பிள்ளை எங்க?”

“மச்சாளிட்டை” என்றாள் கஜாலினி.

“என்னட்டையோ? நீர் தூக்கினீர் எண்டல்லோ நான் இருந்தனான்!” என்றாள் அம்பிகை.

செத்தவீட்டில் பிள்ளை எப்போதும் யாரோ ஒருவரின் இடுப்பில் இருக்கும். யார் இடுப்பில் என்று ஒருவரும் கேட்பதில்லை. லக்சிகா உள்ளறையில், பாயில் நித்திரை. கஜாலினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கதவை நோக்கி ஓடினாள். அம்பிகை குறுக்கே நின்றாள்.

“இப்ப திறக்கக்கூடாது. அப்பா சாப்பிடுறார்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ மச்சாள்!”

அப்படிச் சொன்னாள்தான். ஆனால் கை கதவில் படவில்லை. ஏனென்றால் உள்ளே ஒரு சத்தம்...

கடக்.

ஓடு உடைகிற சத்தம். நண்டு தின்கிற எந்தத் தீவுக்காரருக்கும் அது தெரியும்.

கடக்... கடக்...

பிறகு லக்சிகாவின் சிரிப்பு.

ஐயோ, என்ர பிள்ளை! கஜாலினி அம்பிகையைத் தள்ளினாள். தட்டவில்லை. அடித்துத் திறந்தாள்.

இலைக்கு முன்னால் பிள்ளை சம்மணம் கட்டி இருந்தது.

இலையில் நண்டு.

கால்களெல்லாம் பக்குவமாக உடைத்து, வெள்ளைச் சதை மட்டும் ஓரமாகக் குவித்திருந்தது. சோற்றைத் தொட்ட அடையாளம் இல்லை.

பிள்ளையின் வாயில் குழம்பு.

“ஆர் தந்தது? சொல்லம்மா, ஆர் தந்தது?”

“அப்பப்பா வேண்டாம் எண்டவர். அந்த அக்காதான் தீத்திவிட்டவ.”

வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது.

பிள்ளையை வாகனத்தில் போட்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வழி முழுக்கக் கஜாலினி அந்தச் சின்ன முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது வீங்கும்... இப்போது மூச்சு இழுக்கும்...

ஒன்றும் வரவில்லை. பிள்ளை யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தது.

“சில பிள்ளைகளுக்கு வளர வளர மாறும்” என்றார் டொக்டர்.

பின்னேரம் திரும்பி வந்தபோது அயல்வீட்டு அப்புத்துரை காத்திருந்தார். வயது எண்பதுக்குக் கிட்ட. இலையில் கிடந்ததை அவரும் பார்த்திருந்தார்.

“தில்லைக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்தவள், பிள்ளை. எட்டு வயசு. அம்பிகை அப்ப கைக்குழந்தை, வாகீசன் பிறக்கேல்லை. இடம்பெயர்ந்து போகேக்கை காய்ச்சலில முடிஞ்சுது. ஓடின ஓட்டத்தில அதுக்கு எட்டும் இல்லை, அந்திரட்டியும் இல்லை.”

கஜாலினிக்குச் சிரிப்பு வரவில்லை.

“நண்டெண்டால் அதுக்கு உயிர். தில்லைதான் உடைச்சு உடைச்சுக் குடுப்பான். பிறகு அவன் நண்டைத் தொட்டதேயில்லை.” கிழவர் குரலைத் தாழ்த்தினார். “கதவைத் தட்டினீரோ?”

“இல்லை.”

“தட்டினால்தான் பிள்ளை, வந்தது எழும்பிப் போகும்...”

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

இப்போது லக்சிகா நண்டு தின்கிறாள். அது அவளை ஒன்றும் செய்வதில்லை. தானே உடைக்கிறாள், சதையை ஓரமாகக் குவிக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கஜாலினி புத்தகங்களைக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள்.

போன ஞாயிறு மத்தியானம். லக்சிகா அறைக்குள் தனியே விளையாடிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

கஜாலினி வெளியே நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

பிறகு கையை உயர்த்தி, அன்று தட்டாததை இன்றைக்குத் தட்டினாள்.

டொக்... டொக்...

உள்ளே விளையாட்டுச் சத்தம் நின்றது.

“தட்டாதேங்கோ அன்ரி. நான் போகமாட்டன்.”